பிறந்த வீட்டுச் சேலை

விருத்தாசலம்
14-2-2025

அன்புள்ள வேல்விழிக்கு,

மாமா சாமிதுரை எழுதிக்கொள்வது. பழமலைநாதர் புண்ணியத்தில் நான், விருத்தாம்பாள், காவியா எல்லோரும் சுகமாக இருக்கிறோம். எனக்குத்தான் சர்க்கரை வந்து, வலது முழங்காலும் பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடிவதில்லை. நீயும் சகலை பாண்டியனும் சேலத்தில் நன்றாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

மூன்று முறை போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். உன் அக்கா துர்கா பெற்ற காவியாவுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது. மாப்பிள்ளை வளவன், ரயில்வேயில் டெக்னீஷியன், சொந்த ஊர் மங்கலம்பேட்டை. ஜூன் எட்டாம் தேதி முகூர்த்தம்.

அதற்கு முன் ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை பூவாடை படையல். வீட்டில் சுமங்கலியாகப் போனவளுக்குச் சேலை வைத்துக் கும்பிட்டு, அந்தச் சேலையைப் பெண்ணுக்குக் கட்டி, பிறகுதான் பந்தக்கால் நடுவது என்பது உனக்கே தெரியும். மாப்பிள்ளையின் அம்மா பெரியநாயகி பழைய முறையெல்லாம் பார்க்கிறவர். “பொண்ணோட அம்மாவுக்குப் பொறந்த வூட்டுச் சேலை வரணுங்க. அது வராம நாங்க பந்தக்கால் நடமாட்டோம்” என்று சொல்லிவிட்டார். துர்காவுக்குப் பிறந்த வீடு என்றால் இப்போது நீ ஒருத்திதான்.

பழையதை மனதில் வைத்துக்கொள்ளாமல் ஒரு சேலையோடு வந்து போ.

இப்படிக்கு,
உன் மாமா,
கோ. சாமிதுரை


சேலம்
26-2-2025

காவியாவின் அப்பா அவர்களுக்கு,

பாண்டியன் மனைவி வேல்விழி எழுதுவது. சுகம் விசாரித்திருக்கிறீர்கள். நாள் முழுக்கச் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துத் தைத்துக் கழுத்து வலிக்கிறது, மற்றபடி திடமாக இருக்கிறேன். உங்கள் முழங்காலைப் பற்றிப் படித்தேன். இன்னும் பல நாள் அது உங்களைத் தாங்க வேண்டும் என்பது என் ஆசை.

உங்களோடு பேசுவதில்லை, உங்கள் வாசற்படியை மிதிப்பதில்லை என்று, உங்கள் வீட்டை ஒட்டிய பீங்கான் பொம்மை யூனிட் வாசலில் குவித்திருந்த வெள்ளை மண்ணை இரண்டு கையாலும் அள்ளித் தூற்றிச் சத்தியம் செய்துவிட்டு வந்தவள் நான். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பழையதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்கிறீர்கள். பழையது எது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா என்பது தெரியவில்லை. 2006, ஆகஸ்ட் பதினொன்று, ஆடி வெள்ளி. அதற்கு முன் நாலு நாள் என் அக்கா நெருப்பாய்க் கொதிக்கும் உடம்போடு உங்கள் பிள்ளையார் பொம்மைகளைக் கிளேஸ் பூச்சில் முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். “ஆர்டர் முடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றீர்களாம். ஐந்தாம் நாள் விடிவதற்குள் அவளே முடிந்துவிட்டாள்.

அம்மா அப்பா இல்லாத எங்களில் அவள் உடம்பின் மேல் கோடி போட வேண்டியவள் நான். பிறந்த வீட்டுக் கோடி விழாமல் ஒரு பொம்பிளையை யாராவது எடுப்பார்களா? நீங்கள் எடுத்தீர்கள். நான் மதியம் ஒன்று நாற்பதுக்குக் கோடிச் சேலையோடு வந்து நின்றபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தீர்கள். ஈரம் காயவில்லை. உங்கள் ஆட்கள் வைக்கோல் வைத்த பொம்மைப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு வருஷத்தில் விருத்தாம்பாளோடு நீங்கள் செய்த இரண்டாம் கல்யாணத்துக்குப் பூவாடைச் சேலையை நீங்களே கடையில் எடுத்துக் கும்பிட்டதாகக் கேள்வி. இப்போதும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்களேன்.

இப்படிக்கு,
பா. வேல்விழி


விருத்தாசலம்
5-3-2025

அன்புள்ள வேல்விழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கழுத்து வலிக்கு ஒத்தடம் கொடு, ராத்திரி தலையணை வைக்காதே. விருத்தாம்பாளுக்கும் அப்படித்தான் சரியானது.

நீ எழுதியதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. நான் என்ன கல்லா? அன்றைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். கட்டியவளைப் பறிகொடுத்தவன் பேச்சு அன்றைக்கு எடுபடுமா? லாரி முதல் நாளே சொல்லி வைத்தது, அது பாட்டுக்கு வந்தது. வேண்டுமென்று செய்ததாக நினைக்காதே.

நானே சேலை எடுத்துவிடலாம்தான். ஆனால் பெரியநாயகி அம்மா விடுவதாக இல்லை. போன வாரம் வந்தபோது, “அவங்க தங்கச்சி எப்ப வராங்க, அவங்களையும் ஒரு வார்த்த பாத்துட்டுப் போறேங்க” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காப்பியைக்கூட வாயில் வைக்காமல் உட்கார்ந்திருந்தார். பத்திரிகை அடிக்கக் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஒரு யோசனை சொல்கிறேன். நல்ல பட்டாக நானே எடுத்து உனக்குக் கூரியரில் அனுப்பிவிடுகிறேன். நீ கொண்டு வந்தது போலத் தட்டில் வைத்துக் கொடுத்தால் போதும். உனக்கும் செலவில்லை, எனக்கும் மரியாதை. காவியாவுக்காகச் செய்.

இப்படிக்கு,
கோ. சாமிதுரை


சேலம்
13-3-2025

காவியாவின் அப்பா அவர்களுக்கு,

நீங்கள் சொன்ன ஒத்தடத்தில் கழுத்து வலி குறைந்திருக்கிறது. விருத்தாம்பாளுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். உங்களுக்கு வாழ்க்கைப்பட்டும் தலையணை இல்லாமல் தூங்குகிறார் என்றால் பெரிய மனசுதான்.

உங்கள் யோசனை உங்களுக்குப் பொருத்தமாக இருக்கிறது. சேலையும் உங்களுடையது, தட்டும் உங்களுடையது, பிறந்த வீடும் நீங்களேதான். நடுவில் வேல்விழி மட்டும் கொலுப்பொம்மை மாதிரி நிற்க வேண்டும். உங்கள் யூனிட்டில் வார்ப்பு அச்சு இருக்குமே, என்னை மாதிரி ஒன்று ஊற்றி நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூரியர் செலவு உங்களுக்கு வேண்டாம். என்னிடம் சேலை இருக்கிறது. அக்காவுக்கு என்று எடுத்த அதே கோடிதான். அன்றைக்கு அதை உங்கள் வாசலில் விட்டுவிட்டு வரவில்லை. ஆற்றில் விடு என்றார்கள், ஏழைக்குக் கொடு என்றார்கள். உடம்பின் மேல் விழாத கோடியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, அது ஆளைத் தேடும் என்று பயமுறுத்தினார்கள். பாண்டியன்கூட, “அத மொதல்ல வூட்ட வுட்டு வெளிய எடு” என்று இரண்டு வருஷம் சண்டை போட்டார். நான் எடுக்கவில்லை. கடைப் பையோடு பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது.

பிறந்த வீட்டுச் சேலைதானே கேட்கிறீர்கள்? அதைவிடப் பிறந்த வீட்டுச் சேலை எங்கே கிடைக்கும்? சொல்லுங்கள், கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பா. வேல்விழி


விருத்தாசலம்
20-3-2025

வேல்விழிக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது.

நீ மனுஷிதானா? கல்யாண வீட்டுக்குள் சாவுத்துணியைக் கொண்டு வருகிறேன் என்கிறாய். அதை என் மகள் இடுப்பில் கட்டச் சொல்கிறாய். என் மேல் உள்ள ஆத்திரத்துக்கு உன் அக்கா வயிற்றில் பிறந்தவளா பலி?

இத்தனை வருஷம் உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தேன். இப்போது கேட்கிறேன். அன்றைக்கு விடியற்காலை ஐந்து மணிக்கே உன் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. நீயே எடுத்துப் பேசினாய். சேலத்திலிருந்து இங்கே வர நாலு மணி நேரம். ஐந்தரைக்கு பஸ் ஏறியிருந்தால் ஒன்பதரைக்கு வந்திருப்பாய். நாங்கள் எடுத்ததே பத்து மணிக்கு. நீ வந்தது ஒன்று நாற்பதுக்கு. நடுவில் எங்கே இருந்தாய்?

அக்கா செத்தாள் என்று கேட்டும் நாலு மணி நேரம் உனக்கு என்ன வேலை இருந்தது? இதற்குப் பதில் எழுதிவிட்டுப் பிறகு என்னைக் கூண்டில் ஏற்று.

கோ. சாமிதுரை


சேலம்
2-5-2025

காவியாவின் அப்பா அவர்களுக்கு,

உங்கள் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆறு வாரமாக நான் பதில் எழுதவில்லை. இடையில் நீங்கள் இரண்டு தடவை ஆள் அனுப்பினீர்கள், பாண்டியனுக்குப் போன் செய்தீர்கள். பத்திரிகை அடிக்க முடியாமல் நீங்கள் திணறுவதாகவும் அவர் சொன்னார். உடம்பு சரியில்லாமல் போகவில்லை. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பாண்டியனிடம்கூட இதைச் சொன்னதில்லை. போனை வைத்துவிட்டு ஐந்தரைக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். விருத்தாசலம் பஸ் கண்ணெதிரே நின்றது. கையில் கோடி இல்லை. பிறந்த வீட்டுக்காரி வெறுங்கையோடு வந்து நின்றாள் என்று உங்கள் வகையறா பேசும், அக்காவைக் கடைசியிலும் அநாதை என்பார்கள் என்று தோன்றியது. அதனால் பஸ்ஸை விட்டுவிட்டு, மூடியிருந்த துணிக்கடை வாசலில் போய் உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்குத்தான் கடை திறந்தது. அப்போதும் கையில் கிடைத்ததை எடுக்கவில்லை. அவள் ஆசைப்பட்ட நிறம் கிடைக்கும்வரை பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். எப்படியும் நான் வரும்வரை எடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். எந்த வீட்டிலும் அப்படி எடுப்பதில்லை.

நான் செய்த தப்பு அது. அது என்னைத் தினமும் தின்கிறது. ஆனால் நான் தப்பு செய்தது உங்களை நம்பி. நீங்கள் செய்தது லாரியை நம்பி. இரண்டும் ஒன்றில்லை.

சரி, வருகிறேன். ஆனால் கோடி கொண்டு வரும் பிறந்த வீட்டாரை எப்படி எதிர்கொள்வார்களோ அப்படி என்னை எதிர்கொள்ள வேண்டும். தெருமுனையில், தட்டோடு, நீங்களே நிற்க வேண்டும். காலில் செருப்பு கூடாது, தோளில் துண்டு கூடாது. நான் வரும்வரை படையல் எடுக்கக் கூடாது. நான் வருகிற நேரத்துக்கு வருவேன். உங்கள் வாசற்படிக்கு வெளியேதான் நிற்பேன், உங்களோடு பேச மாட்டேன். சம்மதம் என்றால் பத்திரிகை அடியுங்கள்.

இப்படிக்கு,
பா. வேல்விழி


விருத்தாசலம்
9-5-2025

அன்புள்ள வேல்விழிக்கு,

இங்கே சுகம். வெயில்தான் வறுத்து எடுக்கிறது. அங்கே குடிதண்ணீர் கஷ்டம் என்று பேப்பரில் பார்த்தேன், காய்ச்சிக் குடியுங்கள்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கடை வாசலில் நீ உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

நீ சொன்னது எல்லாவற்றுக்கும் சம்மதம். தெருமுனையில் நிற்கிறேன். துண்டு போட மாட்டேன். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம், அதற்குள் வந்துவிடு. நீ பிடிவாதக்காரி என்று துர்கா அடிக்கடி சொல்வாள், இருந்தாலும் பெண் பிள்ளை காரியம்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் கோடியை மட்டும் கொண்டு வராதே. விருத்தாம்பாளிடம் அதைப் பற்றிச் சொல்லவில்லை. பெரியநாயகி அம்மா காதுக்குப் போனால் கல்யாணம் நின்றுவிடும். புதுச் சேலை கொண்டு வருவதாக ஒரு வரி எழுதிவிடு. அது வந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

இப்படிக்கு,
உன் மாமா,
கோ. சாமிதுரை


விருத்தாசலம்
14-5-2025

சித்திக்கு,

நான் காவியா. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும், ஆனால் உங்கள் முகமே எனக்கு ஞாபகம் இல்லை. அதனால் நன்றாக இருங்கள் என்று மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதங்களை அப்பா சூளைப் பக்கம் இருக்கும் அலமாரியில், உடைந்த பொம்மைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். படித்துவிட்டேன். அம்மா எப்படிப் போனார் என்பதை முதல் தடவையாக அதில்தான் தெரிந்துகொண்டேன். இங்கே காய்ச்சல் என்று மட்டும்தான் சொல்வார்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் சொல்கிறேன். நீங்கள் மண்ணை அள்ளித் தூற்றியபோது அப்பா உள்ளே போய்விட்டார். வாசலில் நின்றது நான். எனக்கு நாலு வயசு. மண் முழுக்க என் கண்ணில் விழுந்தது. பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர்தான் தூக்கிப் போய்க் கழுவிவிட்டார். மூன்று நாள் கண் திறக்க முடியவில்லை. அம்மாவைப் பற்றி எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை, அந்த எரிச்சல் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, இருக்கிறது என்று தெரிகிறது. சத்தியம் அப்பா மேல்தானே. எனக்கு ஏன் ஒரு போன்கூட இல்லை? என்னை வளர்த்த அம்மா நல்லவர். ஆனால் என் மூக்கு யாருடையது என்று அவரிடம் எப்படிக் கேட்பேன்?

அம்மாவுக்கு எடுத்த சேலை என்ன நிறம்? அது இன்னும் கட்டுகிற நிலையில் இருக்கிறதா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். கவரின் மேல் அப்பா பெயர் வேண்டாம். கீழே நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீஸ் முகவரி கொடுத்திருக்கிறேன், லீவிலும் போகிறேன்.

காவியா


சேலம்
19-5-2025

என் தங்கம் காவியாவுக்கு,

சித்தி எழுதுவது. சுகமாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு வாய் கூசுகிறது. கண் இப்போது நன்றாகத் தெரிகிறதா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஊசி கோர்க்கவில்லை. அந்த வாசலில் யார் நின்றார்கள் என்று நான் பார்க்கவே இல்லை அம்மா. அவர் மேல் விழுந்தது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். கோபமாகவே இரு, அதற்கு உனக்கு உரிமை உண்டு.

மூக்கு உன் அம்மாவுடையதாகத்தான் இருக்கும், நுனி கொஞ்சம் மேலே தூக்கியிருந்தால். சேலை மாம்பழ நிறம், அரக்குக் கரை. உன்னை மாசமாக இருந்தபோது அந்த நிறம் கேட்டாள், அப்போது என்னிடம் காசில்லை. சுமங்கலிக்குக் கோடி என்பதால் நிறத்தில் எடுக்க முடிந்தது. மடிப்பில் எங்கும் இற்றுப்போகவில்லை. வருஷா வருஷம் நிழலில் பிரித்துப் போட்டு மடிப்பை மாற்றி வைப்பேன். ஜரிகை மட்டும் மங்கிவிட்டது.

நீ எதற்குக் கேட்கிறாய் என்று எனக்குப் புரிகிறது. பயமாக இருக்கிறது. உனக்கு பயம் இல்லையென்றால் இந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடு, போதும்.

இன்னொன்று. படையல் அன்றைக்கு வாயில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது, விரதம் என்பார்கள். சித்தி சொல்கிறேன், காலையில் யாருக்கும் தெரியாமல் நாலு இட்லி தின்றுவிட்டு உட்கார். ஏன் என்று கேட்காதே.

உன் சித்தி,
வேல்விழி


சேலம்
24-5-2025

காவியாவின் அப்பா அவர்களுக்கு,

இங்கே காய்ச்சித்தான் குடிக்கிறோம், உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்களும் தூங்க வேண்டும் என்பதற்காக இந்த வரி.

உங்கள் மகள் மனமுவந்து கட்டிக்கொள்ளாத எதையும் நான் கொண்டு வர மாட்டேன். இது என் அக்கா மேல் சத்தியம்.

பா. வேல்விழி


விருத்தாசலம்
16-6-2025

அன்புள்ள வேல்விழிக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. காவியாவும் மாப்பிள்ளையும் மங்கலம்பேட்டையில் சுகம். எனக்குத்தான் முழங்கால் வீங்கி எட்டு நாளாகக் கட்டிலில் கிடக்கிறேன். நீ ஊர் போய்ச் சேர்ந்த விவரம் சகலை சொன்னார்.

என் மேல் உனக்கு இருந்ததெல்லாம் அன்றைக்குத் தீர்ந்திருக்கும். ஒன்பது மணிக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் நின்றேன். பத்தரை ஆனது. ராகு காலம் பிறந்தது. விருத்தாம்பாள் வந்து, “படத்துக்குக் கற்பூரத்த காட்டிப் படையல எடுத்துடலாமுங்க” என்றாள். பெரியநாயகி அம்மா, “பொறந்த வூட்டுக்காரங்க வராம எடுத்தா போய்ச் சேந்த அந்தப் பொண்ணு ஏத்துக்குமா? நில்லுங்க சம்பந்தி” என்று சொல்லிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். ராகு காலமும் போனது. தார் ரோட்டில் கால் வெந்தது. போகிற ஆட்டோக்காரனெல்லாம், “என்னண்ண, பஸ்ஸுக்கா நிக்கறீங்க” என்று கேட்டுவிட்டுப் போனான். யூனிட் ஆட்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். நீ வந்து இறங்கியபோது மணி பார்த்தேன். ஒன்று நாற்பது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டை நீட்டினேன்.

“புதுசுதானே?” என்று மெதுவாகக் கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. ஆனால் பெரியநாயகி அம்மா தொட்டுப் பார்த்து, “ஜரிகை பழைய காலத்து மாதிரி இருக்குதே” என்றபோது காவியாவே, “இப்ப அதுதான் ஃபேஷன் அத்தை” என்று சொல்லிவிட்டாள். தலையில் வைத்துச் சுமந்து வந்து, படத்துக்கு முன்னால் வைத்து, விழுந்து கும்பிட்டேன். அந்த மாம்பழ நிறத்தில் காவியா வந்து நின்றபோது துர்காவே வந்த மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ வாசலுக்கு வெளியே நின்று பார்த்தாய். நல்ல சேலை, உனக்கு நல்ல மனசு.

முறைப்படி அதை மடித்து என் பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். இனிமேல் நமக்குள் பகை வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன், மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பழைய கோடியை என்ன செய்தாய்? இனியாவது ஆற்றில் விட்டுவிடு.

இப்படிக்கு,
உன் மாமா,
கோ. சாமிதுரை


சேலம்
27-6-2025

மாமா அவர்களுக்கு,

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அப்படிக் கூப்பிடுகிறேன். முழங்காலுக்குத் தைலத்தைச் சூடு பண்ணித் தேயுங்கள். எனக்குக் கழுத்து வலி அறவே இல்லை.

அன்றைக்கு நான் தாமதமாக வரவில்லை. காலை ஆறு மணிக்கே விருத்தாசலத்தில் இறங்கிவிட்டேன். சேலையை மடியில் வைத்துக்கொண்டு பழமலைநாதர் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்கு எழுந்துவிடலாம் என்று ஒரு மனசு சொன்னது. கடை வாசலில் உட்கார்ந்திருந்த அந்தக் காலையை நினைத்துக்கொண்டேன், உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் நின்றது எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தீர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, நாலரை மணி நேரத்தில் தீருகிற விஷயமா அது?

கோடியை என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். நான் எதுவும் செய்யவில்லை. எல்லாம் நீங்கள்தான் செய்தீர்கள். அன்றைக்கு வாங்காத கோடியை, செருப்பில்லாமல் துண்டில்லாமல் இரண்டு கையாலும் வாங்கித் தலையில் வைத்து வந்தீர்கள். அதன் முன்னால் விழுந்து எழுந்தீர்கள். இப்போது உங்கள் பீரோவின் மேல்தட்டில் இருப்பது அதுதான்.

சத்தியத்தை நான் மீறவில்லை. உங்கள் மகளுக்கு அது எதற்கு எடுத்தது, எத்தனை வருஷம் எங்கே இருந்தது என்று எல்லாம் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள். என் அம்மாவுக்கு எடுத்தது எனக்குத்தான் என்று உரிமையோடு கட்டிக்கொண்டாள். அவளுக்கு அது அம்மா சேலை. சாவுத்துணி என்று பயப்படுவதற்கு நீங்கள் ஒருவர் இருக்கிறீர்கள், போதும்.

இதை நீங்கள் யாரிடமும் சொல்ல முடியாது. சம்பந்தியம்மாவிடம் சொன்னால் மகள் வாழ்க்கை. விருத்தாம்பாளிடம் சொன்னால் அவர் தூக்கம். படையல் சேலை என்பதால் எரிக்கவும் முடியாது, ஆற்றில் விடவும் முடியாது. யாரிடமும் சொல்லாமல் பீரோவில் வைத்துக்கொண்டு வாழ்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் மாமா. பழகிவிடும்.

இன்னும் மூன்று வாரத்தில் ஆடி பிறக்கிறது. புதுப் பெண்ணை வீட்டுக்கு அழைப்பீர்கள். வந்ததும், துர்காவின் திதி அன்றைக்குக் கட்டிக்கொள்ள அந்தச் சேலையைத்தான் கேட்பேன் என்று காவியா என்னிடம் சொல்லியிருக்கிறாள். வேறு ஒரு வார்த்தையும் உங்களிடம் பேச மாட்டாள். கேட்டால் எடுத்துக் கொடுங்கள், இரண்டு கையாலும்.

இப்படிக்கு,
துர்காவின் தங்கை,
வேல்விழி